கதிர்வீச்சுக்குக் கட்டி கரையுமா என்று மரபணு சொல்லுமா?

கேள்வி: அப்பாவுக்கு டான்சிலில் புற்றுநோய். அடுத்த வாரம் கதிர்வீச்சு சிகிச்சை தொடங்குகிறது. சிலருக்குக் கட்டி நன்றாகக் கரைகிறது, சிலருக்கு அசைந்துகொடுப்பதே இல்லை என்கிறார்கள். மரபணுப் பரிசோதனை செய்தால் முன்பே தெரிந்துவிடுமா?

பதில்: ஓரளவு தெரியும். உங்கள் அப்பாவின் விஷயத்தில் நீங்கள் கேட்க வேண்டிய பரிசோதனை மிக எளியது: பி16 என்ற புரதம் கட்டியில் மிகுந்திருக்கிறதா என்று பார்ப்பது. பயாப்சியில் எடுத்த திசுவிலேயே இதைப் பார்த்துவிடலாம். அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் இன்றே மருத்துவரிடம் கேளுங்கள்.

கதிர்வீச்சு புற்றணுவின் டிஎன்ஏ இழைகளை அறுக்கிறது. அறுந்ததை அந்தப் புற்றணு ஒட்டிக்கொண்டால் பிழைத்துக்கொள்ளும், முடியாவிட்டால் சாகும். ஏடிஎம், பிஆர்சிஏ போன்ற மரபணுக்கள்தான் அந்தப் பழுதுபார்க்கும் வேலையைச் செய்கின்றன. கட்டிக்குள் அவை கெட்டிருந்தால் கதிர்வீச்சுக்கு வேலை எளிது. மாறாக, கீப்1 மரபணு மாறிய நுரையீரல் கட்டிகள் கதிர்வீச்சைத் தாங்கி நிற்கும். பிராணவாயு எட்டாத கட்டிகளும் அப்படித்தான்.

டான்சில், அடிநாக்குப் புற்றுநோய்களில் ஒரு பகுதி எச்பிவி வைரஸால் வருகிறது. அதன் அடையாளமே பி16. இந்தக் கட்டிகளில், பழுதான அணுவைச் சாகவைக்கும் பி53 மரபணு பெரும்பாலும் சிதையாமல் இருக்கும்; அறுந்த டிஎன்ஏவை ஒட்டும் திறனும் குறைவு. 2010இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மூன்றாண்டு முடிவில் எச்பிவி உள்ளவர்களில் சுமார் 82 சதவீதம் பேர் உயிருடன் இருந்தார்கள். இல்லாதவர்களில் சுமார் 57 சதவீதம். நீண்டகாலம் புகைபிடித்தவர்களுக்கு இந்த அனுகூலம் குறைகிறது. ஆகவே அப்பா இன்னும் புகைக்கிறார் என்றால், சிகிச்சை முடியும்வரையாவது எப்படியாவது நிறுத்தவையுங்கள். இதை நான் மன்றாடியே கேட்பேன்.

பி16 இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சையைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். கதிர்வீச்சோடு வழக்கமாகக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்குப் பதில் செடுக்சிமாப் என்ற வேறு மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் நோயாளிகளின் ஆயுள் குறைந்தது. பி16 இல்லையென்றாலும் கதிர்வீச்சு பயனற்றது என்று பொருளில்லை. பல மரபணுக்களைச் சேர்த்துக் கணக்கிடும் விலையுயர்ந்த பரிசோதனைகள் இன்று அன்றாட சிகிச்சையில் கதிர்வீச்சின் அளவை மாற்றுவதில்லை. அந்தச் செலவு இப்போதைக்கு வேண்டாம்.

பிறவியிலேயே வரும் மரபணு மாற்றம் வேறு விஷயம். குடும்பத்தில் யாருக்காவது அட்டாக்சியா டெலாஞ்ஜிக்டேசியா, லி-ஃப்ராமெனி போன்ற நோய்கள் இருந்தால் முதல் நாளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அந்த மாற்றம் உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சு தீங்கு செய்யக்கூடும். பிஆர்சிஏ மாற்றம் இருப்பது மட்டுமே கதிர்வீச்சைத் தவிர்க்கக் காரணமாகாது.