கொக்கோ வாரியமும் 72 ஷில்லிங்கும்

வணக்கம் ஐயா,

ஆப்பிரிக்க நாடுகளின் வறுமைக்குக் காலனியாட்சிதான் காரணம் என்று நீங்களும் எழுதுகிறீர்கள். கானா விடுதலை பெற்றது 1957ல். தென்கொரியாவும் காலனியாக இருந்த நாடுதான். அன்று அதுவும் பரம ஏழை. இன்று அது எங்கே, இது எங்கே? இத்தனை காலம் கழித்தும் வெள்ளைக்காரனைக் கைகாட்டுவது உள்ளூர் ஆட்சியாளர்கள் தப்பித்துக்கொள்ளும் வழிதானே?

எம்.கே.

அன்புள்ள எம்.கே.,

பல சமயம் தப்பித்துக்கொள்ளும் வழிதான். ஆனால் வெள்ளைக்காரனா உள்ளூர்க்காரனா என்று கேட்டால் கானாவில் நடந்தது பிடிபடாது. அங்கே ஒருவர் செய்துவைத்த கருவியை அடுத்தவர் எடுத்துப் புழங்கினார்.

1937-38ல், கோல்டு கோஸ்ட் என்றிருந்த அந்த நாட்டின் கொக்கோ விவசாயிகள், ஐரோப்பியக் கம்பெனிகள் கூட்டுச்சேர்ந்து விலையை அமுக்குவதை எதிர்த்து, சரக்கை விற்க மறுத்தார்கள். போர் வந்ததும் கொள்முதலை பிரிட்டிஷ் அரசே கையிலெடுத்தது. போர் முடிந்தும் விடவில்லை. 1947ல் கொக்கோ சந்தை வாரியம் வந்தது. விளைச்சல் முழுவதும் வாரியத்துக்கே போகவேண்டும். விலையை வாரியமே வைக்கும். அந்த விலைக்கும் உலகச் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம், சந்தை விழும் ஆண்டுகளில் விவசாயியைத் தாங்குவதற்கான சேமிப்பு என்றார்கள். சேர்ந்த பணம் லண்டனில் ஸ்டெர்லிங் கடன்பத்திரங்களாகக் கிடந்தது. போரில் நொடித்துப்போன பிரிட்டனுக்குக் கொக்கோ விவசாயி கடன் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

விடுதலைக்கு முன்பே உள்நாட்டு அரசின் பிரதமரான குவாமே நிக்ருமா கைக்கு இந்த வாரியம் அப்படியே வந்தது. வருமான வரி வசூலிக்கக் கணக்கும் ஆளும் வேண்டும். வாரியமோ ஒரே வாசல். விலையைக் குறைத்து வைத்தாலே கஜானா நிரம்பும். 1954ல் உலக விலை உச்சத்தில் இருந்தபோது, 60 பவுண்டு எடைக்கு 72 ஷில்லிங் என்று நான்கு ஆண்டுகளுக்கு விலையைக் கட்டினார்கள். அடுத்த மாதமே கொக்கோ விளையும் அசாந்திப் பகுதியில், குமாசி நகரில், எதிர்க்கட்சி இயக்கம் கிளம்பியது. கொக்கோ விலை அன்றிலிருந்து அரசியல். 1960களின் நடுவில் உலக விலை சரிந்தபோது விவசாயியைத் தாங்கவேண்டிய சேமிப்பு கரைந்திருந்தது. 1966 பிப்ரவரியில் ராணுவம் நிக்ருமாவைக் கவிழ்த்தது. வாரியத்தை யாரும் கவிழ்க்கவில்லை. கவிழ்ப்பார்களா என்ன?

இதன் சேதம் உடனே தெரியாது என்பதுதான் கொடுமை. கொக்கோ மரம் காய்க்கவே மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். முப்பது வயதுக்கு மேல் விளைச்சல் இறங்கும். விலை கட்டுபடியாகாத விவசாயி மரத்தை வெட்டுவதில்லை, புதுக்கன்று நடுவதை நிறுத்துகிறார். வினை பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, வேறொரு ஆட்சியின் தலையில் விடியும். போதாததற்கு 1970களில் கானாவின் 'செடி' (cedi) என்ற நாணயத்தின் அதிகாரபூர்வ மதிப்பு பொய்யாக உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்து ஐவரி கோஸ்ட்டிலும் டோகோவிலும் பிரெஞ்சு பிராங்குடன் பிணைத்த, நம்பகமான நாணயம். அங்கே விற்றால் லாபம். மூட்டைகள் எல்லை தாண்டின. 1960களின் நடுவில் ஐந்தரை லட்சம் டன்னைத் தாண்டிய உற்பத்தி, 1983-84ல் ஏறக்குறைய 1.6 லட்சம் டன். அந்த ஆண்டின் வறட்சிக்கும் காட்டுத்தீக்கும் அதில் பங்குண்டு. ஆனால் தோப்புகள் அதற்கு முன்பே கிழடுதட்டியிருந்தன.

கொரியாவும் வரலாற்றுக்கு வெளியே நிற்கவில்லை. 1945ல் ஜப்பானியர் வெளியேறியபோது அவர்களின் நிலமும் ஆலைகளும் கொரியாவிலேயே தங்கிவிட்டன. 1950ன் நிலச் சீர்திருத்தத்தில் உச்சவரம்பு சுமார் மூன்று ஹெக்டேர்தான். வடக்கே கம்யூனிஸ்ட் ஆட்சி, பின்னால் அமெரிக்கப் பணம். அந்தச் சூழல் கானாவுக்கு வாய்க்கவில்லை.

உங்கள் வாதத்துக்குப் பொருத்தமான உதாரணம் போட்ஸ்வானாதான். பிரிட்டன் அங்கே ஏறக்குறைய எதையும் கட்டவில்லை. நிர்வாகத் தலைநகரான மாஃபெகிங்கே நாட்டின் எல்லைக்கு வெளியே இருந்தது! ஒராபா வைரம் கிடைத்த அதே 1967ல் கனிம உரிமைகளை அரசுக்கு மாற்றும் சட்டம் வந்தது. ஒராபா, அதிபர் செரெட்சே காமாவின் சொந்த இனத்தாரின் நிலம். அவர் அதைத் தன் இனத்துக்கென்று பிடித்துவைக்கவில்லை. வைரக் கம்பெனியுடன் பேசிப்பேசி அரசின் பங்கை 15 சதவீதத்திலிருந்து 50க்கு உயர்த்தினார்கள். உள்ளூர் ஆட்சியாளரின் முடிவு நாட்டைத் திருப்பும் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை.

கானாவில் வாரியம் இன்றும் விலை வைக்கிறது. 2024ல் உலக விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியபோது, விளைச்சலின் பெரும்பகுதியை அது முன்கூட்டியே குறைந்த விலைக்கு விற்றிருந்தது. மூட்டைகள் மறுபடியும் எல்லை தாண்டின.