டாக்டர்களுக்கு எதற்கு நாடகப் பயிற்சி?

எழுதி வைத்த வசனம் இல்லாமல், எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டு அந்த நொடியே பதில் சொல்லி நடிப்பதுதான் இம்ப்ரோவ். சிகாகோ இதற்குப் பேர்போன ஊர். 1959-இல் தொடங்கிய செகண்ட் சிட்டி நாடக அரங்கம் அங்குதான். அதே ஊரில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் இதை மருத்துவ மாணவர்களுக்கும் கற்றுத்தருகிறது.

டாக்டர் மனதில் எப்போதும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். நோயாளி "வெறும் தலைவலிதான்" என்று சொல்லிக்கொண்டே மனைவியை ஒரு பார்வை பார்ப்பார். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருப்பவருக்கு அது தெரியாது. இதைக் கவனிக்கப் பழக்குவதுதான் இம்ப்ரோவ் வகுப்பின் கண்ணாடிப் பயிற்சி. அதில் எதிரில் நிற்பவரின் அசைவை அப்படியே செய்ய வேண்டும். கண்ணை எடுத்தால் தப்பிவிடும்.

குழந்தைக்குச் சோறு ஊட்டுவது மாதிரிதான். முகத்தைப் பார்த்துத்தானே அடுத்த வாய்?

அப்புறம், இது டாக்டர்களை நடிக்கவோ ஜோக் அடிக்கவோ பழக்குவதற்கல்ல. வகுப்பில் வாயைவிடக் காதுக்குத்தான் வேலை.