50 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் சக்கரத்தில் 'ஊய்ங்' என்று சுற்றுச் சத்தம். மெக்கானிக், சக்கரம் உரசாமல் சுழல வைக்கும் பேரிங் போய்விட்டது என்கிறார், மாற்றிவிடலாமா?

இன்றைக்கு மாற்றாதீர்கள். ஏற்கெனவே மாற்றிப் பணமும் கொடுத்துவிட்டீர்கள் என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், வயிறு எரியும். எனக்கு எரிந்தது.

நீங்கள் எழுதியதில் மூன்று விஷயம் இருக்கிறது. வேகம் ஏற ஏறச் சத்தமும் ஏறுகிறது, பிரேக் மிதித்தாலும் மாறவில்லை, முன்பக்கம் என்று தோன்றுகிறது. அந்த மூன்றாவதுதான் எனக்கு உறுத்துகிறது. ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்துதானே முன்பக்கம் என்று முடிவு செய்தீர்கள்? நானும் அப்படித்தான் செய்தேன்.

நான் மெக்கானிக் இல்லை. கோவையில் ஒரு நூல் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். "கணக்குப்பிள்ளைக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்" என்று கீழே எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதலாம். 4,650 ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டதைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் எனக்கு ஒரு திமிர் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷம் ஃபிட்டர். ஓடுகிற மெஷினில் பேரிங் உட்கார்ந்திருக்கும் இரும்புக் கூட்டின் மேல் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்தி, "இது ரெண்டு மாசம் தாங்கும்" என்று சொல்லக்கூடியவர். மில் இரைச்சலில் அவருக்கு இடது காது அநேகமாகப் போய்விட்டது, அது வேறு கதை. அவர் மகனான எனக்கும் அந்தக் காது வந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2021-ல் செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன டீசல் கார் வாங்கினேன். 48,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அடுத்த வருஷம் சித்திரையில் பொள்ளாச்சிக்கு மாமனார் வீட்டுக்குப் போகும்போதுதான் முதல் தடவை கேட்டது. 55 வரை ஒன்றுமில்லை. 60-ல் தூரத்தில் விமானம் போகிற மாதிரி. 80-ல் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கவனிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. கான்கிரீட் தளத்தில் காட்டுக் கத்தல், ஊருக்குள் தார் ரோட்டில் இறங்கினால் பாதியாகக் குறைந்தது. இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

என் மனைவி பின் சீட்டில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். "ஏங்க, சத்தம் எனக்குப் பின்னாடி இருந்துதான வருது" என்றாள். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. சாரம் இதுதான்: காருக்குள் சத்தம் எதிரொலிக்கும், உனக்கு அப்படித்தான் தோன்றும். எதிரொலிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அவளுக்கு மட்டும் எதிரொலித்து எனக்கு மட்டும் எப்படி எதிரொலிக்காமல் இருக்கும் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

மாமனார் வீட்டில் மச்சினன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தான். காலி ரோட்டில் 60-ல் வைத்து வண்டியை இடமும் வலமும் லேசாக வளைத்தான். "மாமா, ரைட்டுக்குத் திருப்புனா சத்தம் ஏறுது. லெஃப்ட் ஃப்ரண்ட் பேரிங்." சோதனை சரியானதுதான், அவனைக் குறை சொல்லவில்லை. வலப்பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் இடது சக்கரங்களின் மேல் சாயும். இடது பேரிங் போயிருந்தால் அப்போது முனகல் கூடும், எதிர்ப்பக்கம் வளைத்தால் அடங்கும். எல்லா வண்டியிலும் இது அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் பெரும்பாலும் பொருந்தும். பிரச்சினை என்னவென்றால், அவன் 'ஏறுது' என்று சொன்ன பிறகு எனக்கும் ஏறியது போலவே கேட்டது. அதுவும் தவிர, பாரம் முன் சக்கரத்தில் மட்டுமா சாயும்? பின் சக்கரத்திலும்தானே?

கோவைக்குத் திரும்பியதும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயர் வேண்டாம். அவர்கள் மேல் பெரிய தப்பும் இல்லை. "லெஃப்ட் ஃப்ரண்ட் பேரிங் மாத்திடுங்க" என்று நானே போய்ச் சொன்னேன், மாற்றிக் கொடுத்தார்கள். வாடிக்கையாளர் நோயையும் சொல்லி மருந்தையும் சொன்னால் அவர்கள் ஏன் மறுக்கப் போகிறார்கள்? என் வண்டியில் முன் பேரிங்கை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு இறக்கி, அழுத்தித் தள்ளுகிற பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி எடுத்துப் புதிதை ஏற்ற வேண்டும், அரை நாள் வேலை. சாமானும் கூலியும் சேர்த்து 4,650. அவிநாசி ரோட்டில் ஏறி 70-ல் போனேன். ஊய்ங்.

பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிரீஸை வேட்டி ஓரத்தில் துடைத்துவிட்டு, உள்ளே குண்டு ஓடுகிற பாதையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏண்டா, இத எதுக்குடா கழட்டுன?" பேரிங் போயிருந்தால் அந்தப் பாதையில் பொடிப்பொடியாகக் குழி விழுந்திருக்கும், இல்லையென்றால் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும், கிரீஸ் துரு நிறத்துக்கு வந்திருக்கும். இதில் எதுவுமில்லை. பாதை கண்ணாடி மாதிரி இருந்தது. (பிரஸ்ஸில் தள்ளி எடுத்த பேரிங் மறுபடி உதவாது, கழற்றும்போதே கெட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். தெரியும். நாங்கள் பார்த்தது அதன் பழைய தேய்மானத்தை.) முப்பது வருஷ ஃபிட்டரின் மகன் நல்ல பேரிங்கைக் காசு கொடுத்துக் கழற்றியிருக்கிறான். அன்று இரவு அப்பா மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

சரி, நாமே ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை இறங்கினால் அடுக்ககச் சங்கம் வந்து நிற்கிறது. பார்க்கிங்கில் ஜாக்கி போடக் கூடாதாம், டைல்ஸ் உடையுமாம். பலகை வைத்துத்தான் போடுகிறேன் என்றேன். விதி விதிதான் என்றார் செயலாளர். மாதம் 2,800 ரூபாய் பராமரிப்பு வாங்குகிறார்கள், லிஃப்ட் வருஷத்தில் நாலு தடவை நிற்கிறது, மொட்டை மாடித் தொட்டி வழிவது தெருவுக்கே தெரியும். அதற்கெல்லாம் சுற்றறிக்கை வராது. செயலாளரின் சொந்தக் கார் கவர் போட்டு இரண்டு வருஷமாக விருந்தினர் பார்க்கிங்கில் கிடக்கிறது. அதன் டயர் காற்று இறங்கித் தரையோடு ஒட்டிப்போய்விட்டது. அதற்கும் சுற்றறிக்கை வராது. இந்த இணையதளத்தில் அடுக்ககச் சங்க விதிகள் பற்றித் தனியாக யாராவது கேட்டால் இன்னும் விரிவாக எழுதுகிறேன்.

கடைசியில் தெருமுனைப் பஞ்சர் கடைக்குத்தான் போனேன். வேறு வேலையாகத்தான், ஸ்டெப்னிக்குக் காற்று அடிக்க. அந்தப் பையனுக்கு இருபத்திரண்டு வயசுகூட இருக்காது. நான் சொல்லாமலே பின் டயரில் கையை வைத்துத் தடவினான். "இது கத்துமேங்ணா. வண்டி ஊளையிடுதா?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினான். டயர் ரப்பர்க் கட்டைகளின் மேல் ஒரு திசையில் தடவினால் வழுவழுவென்று போகிறது. திருப்பித் தடவினால் ஒவ்வொரு கட்டையிலும் விளிம்பு கையைத் தடுக்கிறது. மீனை வாலிலிருந்து தலைப் பக்கமாகத் தடவிப் பாருங்கள், அப்படி. ஒவ்வொரு கட்டையும் ஒரு முனை உயரமாக, ஒரு முனை தாழ்வாக, ரம்பப் பல் மாதிரித் தேய்ந்திருந்தது. அந்தப் பற்கள் வரிசையாகத் தரையில் அறைவதுதான் 'ஊய்ங்'. அதனால்தான் கான்கிரீட்டில் கத்தியது, தாரில் அடங்கியது. பேரிங்குக்கு ரோடு கான்கிரீட்டா தாரா என்பது தெரியவே தெரியாது. அது உள்ளுக்குள் சுற்றுகிறது, எந்தத் தளத்திலும் ஒரே முனகல்தான். (தடவும் முன் டயருக்குள் இருக்கும் கம்பி எங்காவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கை கிழிந்துவிடும்.)

200 ரூபாய் வாங்கிக்கொண்டு பின் டயர் இரண்டையும் முன்னால், முன் டயர் இரண்டையும் பின்னால் மாற்றிப் போட்டான். திரும்பி வரும்போது சத்தம் முன்னால் வந்துவிட்டது, ஸ்டீயரிங்கிலும் கிரகிரவென்று தெரிந்தது. சத்தம் டயரோடு இடம் மாறினால் டயர்தான் குற்றவாளி, மாறாமல் அதே மூலையில் நின்றால் பேரிங்கைச் சந்தேகப்படலாம். இதைவிடச் சல்லிசான சோதனை கிடையாது. இதை முதலில் செய்யாமல் 4,650 கொடுத்தேன் என்பதைத்தான் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஏன் அப்படித் தேய்ந்தது? பின்பக்க ஷாக் அப்சார்பர் ஒன்றில் எண்ணெய் கசிந்திருந்தது. அது செத்தால் சக்கரம் தரையில் சீராக ஒட்டி ஓடாமல் குதித்துக் குதித்து ஓடும். கூடவே டயரை ஒரு தடவைகூட முன்பின் மாற்றிப் போட்டதே இல்லை. 8,000 அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், முந்தைய ஓனரும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், அதையும் அன்றைக்குத்தான் படித்தேன். 1817 என்று இருந்தது, அதாவது 2017-ன் 18-வது வாரத்தில் செய்தது. இரண்டு டயர், ஒரு ஜோடி ஷாக், சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் எல்லாம் முடித்தேன். சத்தம் போயிற்று.

"அப்போ எல்லாமே டயர்தான் என்கிறாயா" என்று சண்டைக்கு வராதீர்கள். பேரிங்கும் போகும், அதுவும் மழை வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கண்டிப்பாகச் சந்தேகப்படுங்கள். ஜாக்கியில் தூக்கி, நல்ல ஸ்டாண்டு வைத்து (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கை விடாதீர்கள்), சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். 'டொக் டொக்' என்று ஆட்டம் இருந்தால் வண்டியை ஹைவேக்கு எடுக்காதீர்கள். ஆட்டம் இல்லையென்றால் ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, இன்னொரு கையால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைத் தொடுங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வந்துவிடும். காதைவிட விரல் நம்பகமானது. என் காதைவிட நிச்சயமாக.

உங்கள் சத்தம் 'ஊய்ங்' இல்லாமல் 'டிக் டிக்' என்றிருந்தால் கதையே வேறு. 10 கிலோமீட்டர் வேகத்தில் போய் எண்ணுங்கள். என் வண்டி டயர் 165/80, 14 இன்ச், ஒரு சுற்றுக்குச் சுமார் 1.95 மீட்டர் போகும். 10 விநாடிக்கு 14 டிக் வந்தால் சுற்றுக்கு ஒன்று என்று அர்த்தம், அநேகமாக டயரில் கல்லோ ஆணியோ ஏறியிருக்கும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது மட்டும் 'டக் டக்' வந்தால் ஆக்ஸில் ஜாயின்ட், அதன் மேல் இருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள். தகரம் உரசுகிற மாதிரி 'கிரீச்' என்றால் பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கிற தகட்டுக்கும் நடுவில் பொடிக்கல் மாட்டியிருக்கலாம், சில சமயம் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தாலே விழுந்துவிடும்.

உங்கள் வண்டிக்கு வருவோம். நாளைக்கே வேறு யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பின் சீட்டில் உட்காருங்கள், இடது ஓரம் ஐந்து நிமிஷம், வலது ஓரம் ஐந்து நிமிஷம். அப்புறம் நாலு டயரையும் இரண்டு திசையிலும் தடவுங்கள். கை தடுக்கினால் பஞ்சர் கடை. தடுக்கவே இல்லை, ரோடு மாறினாலும் சத்தம் மாறவில்லை என்றால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கலாம், அவரிடமே போங்கள், ஆனால் எந்தச் சக்கரம் என்று அவரே கண்டுபிடித்துச் சொல்லட்டும். நீங்கள் சொல்லாதீர்கள்.

பின்குறிப்பு: மனைவி இதைப் படித்துவிட்டு ஒரு திருத்தம் போடச் சொல்கிறாள். பின்னாடி இருந்து வருது என்று அவள் சொன்னது ஒரு தடவை இல்லையாம். போகும்போது இரண்டு, வரும்போது மூன்று.