எதிர்காற்றில் பழகிய கால்கள் மலை ஏறுமா?

கேள்வி: நாங்கள் நண்பர்கள் ஐந்து பேர். ஞாயிறு காலையில் கும்பகோணத்திலிருந்து திருவையாறு வரை சைக்கிளில் போய்த் திரும்புகிறோம். அறுவடை வேலை முடிந்ததும் ஒரு நாள் பச்சைமலை ஏற ஆசை. ஒருவனிடம் கியர் இல்லாத சைக்கிள்தான் இருக்கிறது. சரிப்பட்டு வருமா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் வீட்டிலிருந்தே மிதித்துக்கொண்டு கிளம்பாதீர்கள். பச்சைமலைக்குப் பக்கத்தில் இருக்கும் துறையூருக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது, கால் அதிலேயே தீர்ந்துவிடும். சைக்கிள்களை வேனில் ஏற்றிக்கொண்டு முதல் நாள் மாலையே துறையூர் போய்த் தங்கிவிட்டு, விடிகாலையில் சோபனபுரம் வழியாக மலை மேல் இருக்கும் டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறுங்கள். யாராவது கொல்லிமலை போகலாம் என்று இழுப்பார்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு, முதல் மலைக்கு அது வேண்டாம்.

நம் ஊர்க்காரர்களுக்குக் காலில் பலம் இல்லாமல் இல்லை. ஆடி மாதம் மேற்கே பார்த்து திருவையாற்றுக்கு மிதித்தவனுக்கு, ஒரு நொடி கூடக் காலை ஓயவிடாமல் மிதிப்பது என்றால் என்னவென்று தெரியும். மலையிலும் அதே வேலைதான். ஒரே வித்தியாசம், காற்றில் நண்பன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளலாம். வேகம் 2 மடங்கானால் காற்றின் எதிர்ப்பு 4 மடங்காகும், அதனால்தான் சமவெளியில் வரிசையாகப் போனால் பின்னால் வருபவனுக்கு அவ்வளவு சுகம். ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டரில் ஊர்ந்து போகும்போது முன்னால் யார் போனாலும் பெரிய உதவி கிடையாது. அங்கே உங்கள் எடையையும் சைக்கிளின் எடையையும் நீங்களேதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

டெல்டாவிலிருந்து போகிற குழுக்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்கிக்கொள்கின்றன, நானும் முதல் தடவை சிக்கினேன். பழக்கதோஷத்தில் ஐந்து பேரும் ஒட்டிக்கொண்டே ஏறினோம், முன்னால் போனவன் உடம்பு வாகுக்கு இழுக்க, பின்னால் வந்த நான் விடக்கூடாது என்று அவன் சக்கரத்தையே பார்த்து மிதித்து, மூன்றாவது கிலோமீட்டரில் தொடை இறுகி சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மலையில் அவரவர் மூச்சுக்கு அவரவர் ஏற வேண்டும். பேசிக்கொண்டே மிதிக்க முடிகிறதா, அதுதான் உங்கள் வேகம். எந்த வளைவில் நின்று காத்திருப்பது என்று கீழேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி ஆள் வந்து தண்ணீர் குடித்து மூச்சு வாங்கி முடிக்கும் வரை ஒருவரும் கிளம்பக் கூடாது. நாங்கள் இதை ஒரு சத்தியம் மாதிரியே வைத்திருக்கிறோம்.

கியர் விஷயத்துக்கு வருவோம். செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் 34 பல், பின்னால் 32 பல் இருந்தால் ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்றைவிடக் கொஞ்சம்தான் அதிகம் சுற்றும். கியர் இல்லாத சைக்கிளில் ரெண்டு சுற்றுக்கு மேல் சுற்றும், அதாவது காலுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல் பாரம். அந்த நண்பருக்கு அன்றைக்கு மட்டும் ஒரு கியர் சைக்கிள் இரவல் வாங்கிக் கொடுங்கள், முழங்கால் தப்பிக்கும். கியரை மேடு தொடங்குவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும், அழுத்தி மிதிக்கும்போது மாற்றினால் செயின் கழன்றுகொள்ளும். பழகுவதற்கு வல்லம் மேடு இருக்கிறது, இல்லாவிட்டால் ஏதாவது ரயில்வே மேம்பாலத்தில் பத்து தடவை ஏறி இறங்குங்கள்.

கேள்வி: ஏறிவிடுவேன் சார், இறங்கத்தான் பயமாக இருக்கிறது. (மன்னார்குடி வாசகர்)

பதில்: அந்தப் பயம் நல்லது. பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கக் கூடாது. ஒரு முறை எங்கள் நண்பர் ஒருவர் அப்படி இறங்கி, பாதி வழியில் ரப்பர் கருகும் வாடை வந்து நிறுத்தினோம். ரிம்மில் விரல் வைத்தால் தோசைக்கல் மாதிரி சுட்டது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் டியூப் வெடித்திருக்கும். வளைவுக்கு முன்னால், சைக்கிள் நேராக இருக்கும்போதே ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், அப்புறம் விட்டுவிட்டுத் திரும்புங்கள். வளைவில் மணலும் சருகும் கிடக்கும். அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயப் போட்ட நெல்லின் மேல் சைக்கிள் விட்டிருப்பீர்கள் அல்லவா, அதில் பிரேக் பிடித்தால் என்ன ஆகுமோ அதேதான் இங்கேயும் ஆகும். எதிரே பஸ் வந்தால் வளைவில் அதற்கு முழு ரோடும் வேண்டும், ஓரமாக நின்றுவிடுங்கள்.

கேள்வி: என்ன சாப்பிட்டுவிட்டு ஏறலாம்?

பதில்: இட்லி நாலு, அவ்வளவுதான். பொங்கலும் வடையும் இறங்கி வந்த பிறகு. பையில் வாழைப்பழம், கடலைமிட்டாய், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். பசிக்கும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளுங்கள்.