கடைசிப் பந்தி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

அம்பாசமுத்திரம் பக்கம் ஆற்றங்கரை ஊர் எங்களுக்கு. ஆறேழு பேர் சேர்ந்து மாதம் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் ஊருக்கே ராச்சாப்பாடு போடுகிறோம். காசு கிடையாது, சாதி கேட்பது கிடையாது, யாரும் வரலாம். கூடவே வில்லுப்பாட்டோ, மகுடம் என்ற பறையை அடித்து ஆடிக் கதை சொல்லும் கணியான் கூத்தோ வைக்கிறோம். மூன்று மாதம் நடத்திவிட்டோம். 250 பேர் சாப்பிடுகிறார்கள். கதை கேட்க 40 பேர் இருந்தால் அதிகம். கை கழுவியதும் வீட்டைப் பார்த்துப் போய்விடுகிறார்கள்.

சாப்பாட்டை முதலில் வைப்பதா, நிகழ்ச்சி முடிந்து வைப்பதா? கதை கேட்டவர்களுக்கு மட்டும் டோக்கன் கொடுக்கலாமா? சோற்றைக் காட்டிக் கூட்டம் சேர்ப்பது கலைக்கு அவமானம் என்று ஊரில் ஒரு பெரியவர் சொல்கிறார், அது சரியா? போன தடவை வில்லுக்காரர்களுக்கு உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை. மிச்சம் இருந்ததைப் பொட்டலம் கட்டி வேனில் கொடுத்து அனுப்பினோம். முகம் கொஞ்சம் வாடின மாதிரி இருந்தது. மற்றபடி எல்லாம் நன்றாகவே நடந்தது. உங்கள் யோசனையைச் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

மாதாமாதம் 250 பேருக்கு உலை வைப்பது லேசான காரியம் இல்லை. ஆறேழு இளவட்டங்கள் கைக்காசு போட்டு அதைச் செய்கிறீர்கள் என்று படித்தபோது மனசு நிறைந்தது. அதனால்தான் கொஞ்சம் கடுமையாகவும் பேசப்போகிறேன்.

டோக்கன் வேண்டாம். பசித்து வந்தவரிடம் கதை கேட்டாயா என்று கணக்குக் கேட்கக் கூடாது. பெரியவர் சொன்ன அவமானம் பற்றியும் கவலை வேண்டாம். நம் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் வில்லும் சாமிக்குப் போடுகிற படைப்புச் சோறும் எப்போதும் ஒரே பந்தலுக்குக் கீழேதான் இருந்து வந்திருக்கின்றன. சோறும் பாட்டும் நமக்கு இரண்டு வேறு விழாக்கள் ஆனதே இல்லை.

அவமானம் வேறு இடத்தில் நடந்திருக்கிறது. ‘மிச்சம் இருந்ததைப் பொட்டலம் கட்டி வேனில் கொடுத்து அனுப்பினோம்’ என்று எழுதிவிட்டு, மற்றபடி எல்லாம் நன்றாக நடந்தது என்கிறீர்கள். நன்றாக நடக்கவில்லை தம்பி. வெகுநாளாக மனசில் கிடந்து அரிக்கிற விஷயத்தை உங்கள் அந்த ஒரு வரி கிளறிவிட்டது.

அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்தீர்களா? கடைசிப் பந்திக்குப் பிறகு அண்டாவில் மிஞ்சுவது என்ன என்பது விளம்பிய எல்லாருக்கும் தெரியும். வடித்த சோற்றை ஓலைப்பாயில் வெள்ளைத்துணி விரித்துப் பரத்தினால் பருக்கை பருக்கையாக நிற்கும். இடமில்லை என்று அண்டாவிலேயே குவித்து மூடினால் நடுவில் உள்ள சூட்டில் அது மேலும் வேகும். மூடியில் பட்ட ஆவி தண்ணீராகச் சொட்டி அடியில் இறங்கும். மூன்று மணி நேரத்தில் அடிச்சோறு களியாகிவிடும். சாம்பாரில் காயெல்லாம் முதல் இரண்டு பந்திக்குப் போயிருக்கும். அகப்பையால் அடிவரை கலக்கி ஊற்ற ஆள் இல்லாவிட்டால் கடைசியில் நிற்பது பருப்பு வண்டலும் அடிப்பிடித்த வாடையும்தான். அப்பளம் நமத்திருக்கும். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு ஊசிப்போக ஆரம்பித்திருக்கும். இதையெல்லாம் வெதுவெதுப்பாகப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டுகிறோம். சோறு வெந்த பிறகும் சாகாத கிருமி வித்து அதில் உண்டு. 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய மூடின சூட்டில்தான் அது பெருகும். அந்த மனுஷர்கள் ராத்திரி ஒரு மணிக்கு ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்டில் அதைப் பிரித்திருப்பார்கள். சாப்பிட்டிருந்தால் வயிறு கெட்டிருக்கும். சாப்பிடாமல் போட்டிருந்தால் பசியோடு படுத்திருப்பார்கள். இரண்டில் எதைச் செய்தார்கள் என்று நீங்கள் விசாரித்ததாகக் கடிதத்தில் இல்லை.

இது கவனக்குறைவு மட்டும் இல்லை. ஆடுகிறவன், அடிக்கிறவன், பாடுகிறவன் கடைசியில் சாப்பிட வேண்டும், தள்ளி உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது இந்த மண்ணில் ஊறிய பழக்கம். உங்களுக்குப் பக்கத்துச் சேரன்மாதேவியில்தானே 1924-25இல் விடுதலைப் போராட்டக்காரர் வ.வே.சு. ஐயரின் குருகுலப் பள்ளியில் இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியாக இலை போட்டார்கள்? இரண்டே இலை. அப்போது காங்கிரஸ் தலைவர்களாக இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்ட கேள்வியில் தமிழ்நாட்டுக் காங்கிரசே குலுங்கியது. நூறு வருஷம் ஆன பிறகு, சாதி கேட்காத சாப்பாடு என்று சொல்லி அடுப்பு மூட்டுகிற நீங்கள் வில்லுக்காரர்களுக்கு இலையே போடாமல் அனுப்பியிருக்கிறீர்கள். சாதி பார்த்து நீங்கள் அதைச் செய்யவில்லை, எனக்குத் தெரியும். பழக்கம் உங்கள் கையைப் பிடித்து நடத்தியிருக்கிறது.

கணியான் கூத்தும் வைக்கிறோம் என்கிறீர்களே, நடுராத்திரி நடக்கிற சாமக்கொடையில் கைவெட்டு என்பது என்ன என்று கூத்தை நடத்துகிற அண்ணாவியிடம் கேட்டுப் பாருங்கள். சாமிக்கு வைத்த படைப்பில் கணியான் தன் கையைக் கீறி இரத்தம் சொட்டவிடுவார். ஊர் கொடுக்கிற சோற்றோடு தன் இரத்தத்தையும் சேர்த்துக் கொடுப்பவர் அவர். அவருக்கு மிச்சத்தைக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

இன்னொன்று. கொடையில் வில்லுக்காரர் சாமிக்குப் பாடுகிறார். எதிரே பத்துப் பேர் இருந்தாலும், எல்லாரும் தூங்கிவிட்டாலும், மாடனோ அம்மனோ கேட்கிறாள் என்று விடிய விடிய வில்லடிப்பார். உங்கள் மைதானத்தில் சாமி பீடம் இல்லை. சாமி இருந்த இடத்தில் நீங்கள் ஏழு பேரும்தான் இருக்கிறீர்கள். வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்து அழைப்பது, வந்ததும் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பது, முதல் அகப்பையை அவர்களுக்கு ஒதுக்குவது, தொடக்கத்தில் காப்புப் பாடும்போது ஏழு பேரும் முன்வரிசையில் உட்காருவது, எல்லாம் இனி உங்கள் பொறுப்பு. கடிதத்தில் சொன்ன அந்த 40 பேரில் நீங்கள் எத்தனை பேர் இருந்தீர்கள்? வாளி தூக்கிக்கொண்டு அலைந்திருப்பீர்கள்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

பாடுகிறவர்கள் வயிறு நிறைய உண்டுவிட்டு வில்லின் முன் உட்கார முடியாது. சம்மணம் போட்ட நிலையில் சோறு மேலே முட்டும், மூச்சு நீளாது. கணியான் கூத்தில் சலங்கை கட்டி ஆடுகிறவர்களுக்கு இன்னும் கஷ்டம். அதனால் அவர்களுக்கு இரண்டு வேளை கணக்கு. மேடையேற இரண்டு மணி நேரம் முன்னால் ஆளுக்கு நாலு இட்லியோ இடியாப்பமோ கொடுங்கள். மோரும் தயிரும் குளிர்ந்த தண்ணீரும் வேண்டாம். சுக்கும் கருப்பட்டியும் தட்டிப் போட்ட காப்பி ஒரு பிளாஸ்க் மேடைக்குப் பின்னால் இருக்கட்டும். நிகழ்ச்சி முடிந்ததும் முழுச் சாப்பாடு. அதற்கு இரண்டாவது உலை வையுங்கள். கோட்டை அடுப்பில் தணல் கிடக்கும்போதே ஒன்பது மணிக்குத் தண்ணீர் ஏற்றினால், ஒன்பதரைக்கு இரண்டரைக் கிலோ அரிசி போட்டுப் பத்து மணிக்கு வடித்துவிடலாம். டிரைவரையும் உங்களையும் சேர்த்துப் பதினாறு பேருக்குத் தாராளம். சாம்பாரையும் பொரியலையும் முதல் பந்திக்கு முன்னாலேயே தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். தேங்காய் சேர்க்காத பொரியலாக இருக்கட்டும். சாம்பாரை மறுபடி கொதிக்கவிட்டு இறக்க வேண்டும், சூடு காட்டினால் மட்டும் போதாது. ரசத்தை அப்போதுதான் தாளிக்க வேண்டும். பிறகு இலை போட்டு, அவர்களோடு நீங்கள் ஏழு பேரும் உட்காருங்கள். விளம்ப ஆள் வேண்டுமென்றால் முறை வைத்து இரண்டு பேர் நில்லுங்கள்.

பத்து மணி என்று சொல்லக் காரணம், இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி இருக்கிறது. திருவிழாவுக்குக் கிடைக்கிற சலுகையை மாதச் சனிக்கிழமைக்கு எதிர்பார்க்காதீர்கள். பத்துக்குள் வாழி பாடி முடிய வேண்டுமென்றால் ஏழரைக்குக் காப்பு விருத்தம் தொடங்கியாக வேண்டும். அப்படியானால் ஊர்ப்பந்தி ஆறு மணிக்கு, பந்திக்கு 85 பேராக மூன்று பந்தி, பந்திக்கு அரை மணி நேரம். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதற்குள் வந்துவிட்டது, சாப்பாடுதான் முதலில்.

32 கிலோ அரிசியையும் ஒரே தடவையில் போடாதீர்கள். பதினொன்று, பதினொன்று, பத்து என்று பந்திக்கு ஓர் உலையாக வடித்தால் கடைசிப் பந்திக்கும் முதல் பந்தி மாதிரியே புதுச் சோறு கிடைக்கும். சாம்பாருக்கு ஏழு கிலோ துவரம்பருப்பு, காய் பதினைந்து கிலோவுக்குக் குறையாமல். சமையல் செய்கிற தவசிப்பிள்ளை இதையெல்லாம் சொல்லியிருப்பார், விடுங்கள்.

அவர் சொல்லாதது ஆக்குப்புரை, அதாவது சமையல் கொட்டகை, நிற்கும் இடம். உங்கள் பக்கம் ஆனி ஆடியில் மேல்காற்று மலையிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். அடுப்பு மேற்கே, மேடை கிழக்கே என்று போட்டால் புகை முழுக்கப் பாடுகிறவர் தொண்டைக்குள் போகும். விறகுப்புகையையாவது தாங்கலாம், மிளகாய் வற்றல் தாளிக்கிற நெடி ஒரு தடவை ஏறினால் அரை மணி நேரத்துக்குக் குரல் எழும்பாது. அந்த மாதங்களில் ஆக்குப்புரை மேடைக்குக் கிழக்கே இருக்கட்டும். ஐப்பசிக்கு மேல் வாடை வடக்கேயிருந்து வரும், அப்போது தெற்கே மாற்றுங்கள்.

எவர்சில்வர் வாளிகளைக் கதை நடக்கும்போது கழுவக் கூடாது. பாத்திரம் உருளுகிற சத்தத்துக்கு மேலே உடுக்கை கேட்காது. வில்லுக்குடத்தைச் சிமெண்டுத் தரையில் வைக்கச் சொல்லாதீர்கள், கீழே வைக்கோல் பிரிமணை வேண்டும். கணியான் வருகிற நாளில் மேடைக்குப் பின்னால் கொஞ்சம் வைக்கோலும் நெருப்பு மூட்ட இடமும் வையுங்கள். பனி இறங்கினால் மகுடத்தின் தோல் தொய்ந்துவிடும். காய்ச்சினால்தான் உச்ச மகுடமும் மந்த மகுடமும் பிரிந்து கேட்கும். பள்ளிக்கூட வாட்ச்மேனிடம் இதற்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காய்ச்சுகிற நேரத்தில் வந்து அணைக்கச் சொன்னால் கூத்து நின்றுபோகும்.

மூன்று பந்தியும் முடிந்து, இலை எடுத்து, அதே மைதானத்தில் ஜமுக்காளம் விரித்து, விளம்பிய ஏழு பேரும் கை துடைத்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தால் எத்தனை பேர் எழுந்து போகிறார்கள் என்று பாருங்கள். பாதிப் பேர் போனாலும் போகட்டும். சாப்பிட வந்தவர்கள் சாப்பிட்டார்கள்.

அடுத்த மாதம் அந்த வில்லுக்காரர்களையே திரும்ப அழையுங்கள். போனில் சொல்லாதீர்கள், வெற்றிலை பாக்கோடு நேரில் போங்கள். போன தடவை நடந்ததற்கு வருத்தம் சொல்லுங்கள். சாயங்காலம் இட்லியா இடியாப்பமா என்று அவர்களிடமே கேளுங்கள். இட்லி என்றால் மாவைச் சனிக்கிழமை விடியுமுன் ஆட்டிவிட வேண்டும். வெள்ளி ராத்திரியே ஆட்டி வைத்தால் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும், பாடுகிற தொண்டைக்கு அந்தப் புளிப்பு ஆகாது.

அன்புடன்,
அண்ணாச்சி