எண் கேள்வி-பதில்: 641-இடம் சிக்கிய எண்

கேள்வி: 4294967297-ஐ 500 வரை உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் மீதி வருகிறது. பகா எண் என்று முடிவு கட்டலாமா?

பதில்: கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட்டீர்கள். 4294967297 = 641 × 6700417.

இந்த 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297 என்பது 2³² + 1. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் 1 கூட்டிக் கிடைக்கும் இதே குடும்பத்தில், இதற்கு முன் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்துமே பகா எண்கள். அந்த நம்பிக்கையில் கணித மேதை ஃபெர்மா 1640-இல் எல்லாமே அப்படித்தான் என்றார். 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர், இந்த எண்ணை வகுக்கும் 641-ஐக் காட்டினார்.

வரிசையாக வகுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. இதன் பகாக் காரணி எதுவானாலும், 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்பது ஆய்லர் நிறுவிய விதி. அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577; ஐந்தாவதே 641. பின்னாளில் லூக்கா என்ற கணித அறிஞர் அந்த 64-ஐ 128 ஆக்கினார். அதன்படி 257, 641 என்று இரண்டே முயற்சி.

கால்குலேட்டர் இல்லாமலும் சரிபார்க்கலாம். 2¹⁶ = 65536; 641-ஆல் வகுத்தால் மீதி 154. 154² = 23716; இதற்கு மீதி 640. ஆக 2³²-க்கு மீதி 640. ஒன்றைக் கூட்டினால் மீதியே இல்லை.

6700417 பகா எண்தான். அதன் வர்க்கமூலம் 2588-ஐ ஒட்டியது. அதன் காரணிகளும் 2³² + 1-இன் காரணிகளே என்பதால், அதே 128 விதிப்படி அதுவரை சோதிக்க வேண்டியவை 257, 641, 769, 1153, 1409 மட்டுமே, எதுவும் வகுக்காது.

கேள்வி: 2-ஐ (n−1) அடுக்குக்கு உயர்த்தி n-ஆல் வகுக்கும் சோதனையை (n 2-ஐவிடப் பெரிய பகா எண்ணானால் மீதி 1 வர வேண்டும்) இந்த எண்ணுக்குச் செய்தேன். பைத்தான் கணினி மொழியில் மீதி 1. சி மொழியில், 64 பிட் குறியில்லா முழு எண்ணில், 0. எது சரி?

பதில்: பைத்தானின் 1 சரி. ஆனால் அதை வைத்துப் பகா எண் என்று சொல்லக் கூடாது. 2³²-க்கு மீதி −1, அதனால் 2⁶⁴-க்கு மீதி 1. n−1 = 2³² என்பது 64-இன் மடங்கு என்பதால் விடை 1 வந்தே தீரும். இப்படி ஏமாற்றுபவைக்குப் போலிப் பகா எண் என்று பெயர். 2-க்குப் பதில் 3-ஐப் போட்டால் மீதி 1 வராது, குட்டு உடைந்துவிடும்.

சி-யில் நடந்தது வேறு கோளாறு. இடையில் மீதி 2³² என்று வருகிறது. அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴. அந்த வகை தாங்கும் உச்சம் 2⁶⁴ − 1. ஒன்றே ஒன்று கூடியதால் நிரம்பி வழிந்து 0 ஆகிவிட்டது. 32 பிட்டில் போட்டிருந்தால் இன்னும் மோசம்: எண்ணே 1 ஆகியிருக்கும்.

கேள்வி: தன்னை விட்டு மற்ற வகுஎண்களின் கூட்டல் எண்ணுக்குச் சமமானால் நிறைவெண், அதிகமானால் மிகையெண். 4294967297 இவற்றில் எது?

பதில்: இரண்டும் இல்லை; கூட்டல் எண்ணைவிடக் குறைவு என்பதால் குறைவெண். தன்னை விட்டு மற்ற வகுஎண்களின் கூட்டல் 1 + 641 + 6700417 = 6701059 மட்டுமே. அதைவிடச் சுவையான விஷயம், இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இதை இரண்டு விதமாக எழுதலாம்: 65536² + 1², 62264² + 20449². பகா எண்ணாக இருந்தால் ஒரு விதத்துக்கு மேல் வராது. காரணி தெரியாமலேயே இது பகு எண் என்று சொல்லிவிடலாம்.