ரசீதா, அப்ரூவலா?

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். என் தம்பி டெக்சஸில், டல்லாஸ் பக்கம். போன வாரம் அவனுக்கும் மனைவிக்கும் வாய்ச்சண்டை. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். குடும்பத்தினரைத் தாக்கியதாக வழக்குப் போட்டு கவுன்டி ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். ஜாமீன் கட்டினாலும் ‘ஐஸ் ஹோல்ட்’ (குடிவரவு அமலாக்கத் துறையான ஐஸ், ஆளை விடாமல் பிடித்து வைக்கச் சொல்லும் தாள்) இருப்பதால் வெளியே விட மாட்டார்களாம். அந்தத் தாளில் நீதிபதி கையெழுத்தே இல்லை. எங்கள் மாநிலத்தில் இப்படிப் பிடித்து வைப்பதில்லை என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மீதும் ஷெரிப் மீதும் வழக்குப் போடலாமா? தம்பிக்கு ஒன்பது மாதம் முன்பு வேலை போய்விட்டது. மனைவி எச்-1பி வேலை விசாவில் இருப்பதால் அவனைத் துணைவருக்கான எச்-4 விசாவுக்கு மாற்ற மனு போட்டிருந்தோம். அவளும் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொல்கிறாள். ஜாமீன் பணத்தை இன்றே கட்டிவிடவா?

பதில்: பக்கத்து வீட்டுக்காரரை விடுங்கள். போலீஸ் நடந்துகொண்ட விதத்தையும் இப்போதைக்கு விடுங்கள். போகிற போக்கில் எச்-4 மனு என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, வழக்கே அந்த வரியில்தான் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது மனு போட்டதற்கான ரசீதா, அப்ரூவல் தாளா? மனு எந்தத் தேதியில் போனது?

ஏன் கேட்கிறேன் என்றால், உங்கள் ஊர்ச் சட்டம் டெக்சஸில் செல்லாது. டிடெய்னர், அதாவது நீங்கள் சொல்லும் ‘ஐஸ் ஹோல்ட்’, வேண்டுகோள்தான், கட்டளை இல்லை என்று உங்கள் பகுதிக்கான மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-ல் கலார்சா வழக்கில் சொன்னது உண்மை. நியூ ஜெர்சி 2018-ல் தன் போலீஸுக்குக் கட்டுப்பாடுகள் விதித்ததும் உண்மை. ஆனால் டெக்சஸ் 2017-ல் எஸ்.பி.4 என்ற சட்டத்தைக் கொண்டுவந்து, அந்த வேண்டுகோளுக்கு இணங்குவதை ஜெயில்களுக்குக் கட்டாயமாக்கியது. இணங்க மறுக்கும் ஷெரிப் மீதே குற்ற வழக்கு வரும், பதவியும் போகும். எல் செனிசோ என்ற சிற்றூர் எதிர்த்துப் போன வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-ல் அந்தச் சட்டத்தைப் பெரும்பாலும் நிலைநிறுத்திவிட்டது. ஐஸ் அதிகாரியே கையெழுத்திட்ட வாரண்ட் ஒன்றும் டிடெய்னருடன் வரும். நீதிபதி கையெழுத்து இல்லை என்ற வாதத்தை அங்கே கிளப்பினால் வக்கீல் ஃபீஸ்தான் கரையும்.

அதே சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது. சட்டபூர்வ குடிவரவு நிலை இருப்பதற்கான ஆதாரத்தைக் காட்டினால், அந்த ஆளைப் பிடித்து வைக்க வேண்டிய கட்டாயம் ஜெயிலுக்கு இல்லை. எச்-4 அப்ரூவல் வந்திருந்தால் அந்தத் தாளை இன்றே வக்கீல் மூலம் ஜெயிலுக்கும் ஐஸ் அலுவலகத்துக்கும் அனுப்பி, டிடெய்னரை ரத்து செய்யக் கேளுங்கள். ரசீது மட்டும் இருந்தால் கதை வேறு. வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனபின் நாட்டில் தங்கக் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் மனு போயிருந்தால், முடிவு வரும்வரை அவர் இருந்த காலம் சட்டவிரோதத் தங்கலாக எண்ணப்படாது. ஆனால் அது ‘நிலை’ ஆகாது. 60 நாளுக்குப் பிறகு போயிருந்தால் இன்னும் மோசம். தாக்குதல் வழக்கில் நூறு சதவீதம் ஜெயித்தாலும் ஐஸ் அவரை விடாது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். இன்று கட்டாதீர்கள். நான் பார்த்த குடும்பங்கள் அதிகம் சிக்கிக்கொண்டது இங்கேதான். ஜாமீன் கட்டிய நிமிடத்தில் கவுன்டி வழக்கின் காவல் முடிந்து, டிடெய்னர்படி ஐஸுக்காக ஜெயில் கூடுதலாக வைத்திருக்கக்கூடிய 48 மணி நேரம் ஓடத் தொடங்கும். அதற்குள் ஐஸ் வந்து, ஆல்வராடோவில் இருக்கும் ப்ரெய்ரிலேண்ட் போன்ற ஒரு தடுப்பு மையத்துக்குக் கொண்டுபோகும். அடுத்த வாய்தாவுக்குத் தம்பியால் வர முடியாது. வராததற்கு வாரண்ட் வரலாம், ஜாமீன் தொகை பறிமுதலாகலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் பாண்ட் ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் எப்படியும் திரும்பாது. அப்புறம் குடிவரவு நீதிபதி முன் தனி ஜாமீன் கேட்கும்போது, முடியாத தாக்குதல் வழக்கும் வாரண்டும் எதிரே நிற்கும். அந்த ஜாமீன் 1,500 டாலருக்குக் குறையாது. கிரிமினல் வக்கீலும் குடிவரவு வக்கீலும் ஒன்றாகப் பேசி, எந்த வழக்கை முதலில் முடிப்பது என்று முடிவெடுக்கும்வரை பணம் உங்களிடமே இருக்கட்டும். தம்பி இன்னும் சில நாள் உள்ளே இருப்பது உங்களுக்கு வேதனைதான், தெரிகிறது. ஆனால் கவுன்டி ஜெயிலில் இருக்கும்வரை அவர் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும், வக்கீல் போய்ப் பார்க்கலாம், வழக்கும் நகரும்.

யோசித்தபின் கட்டுவதென்று முடிவானால், ஜெயில் எப்போது அவரை விட்டிருக்க வேண்டும் என்ற நேரத்தைக் குறித்து வையுங்கள். 48 மணி நேரம் கழிந்தும் ஐஸ் வரவில்லை என்றால், விடுவிக்கச் சொல்லும் எழுத்துக் கோரிக்கையோடு வக்கீல் ஜெயில் வாசலில் நிற்க வேண்டும். ஷெரிப் மீது வழக்கு என்றால், அந்தக் கெடுவுக்கு மேல் வைத்திருந்தால்தான் அதற்கு அர்த்தம்.

அடுத்த ஆபத்து, ‘டெஃபர்டு அட்ஜுடிகேஷன்’. குற்றத்தை ஒப்புக்கொள், தண்டனைத் தீர்ப்பு எழுத மாட்டோம், ஒழுங்காக இருந்தால் வழக்கு தள்ளுபடி என்பார்கள். டெக்சஸ் கணக்கில் அது தண்டனை இல்லை. குடிவரவுச் சட்டத்தில் ஒப்புக்கொண்டு, ஏதாவது ஒரு கட்டுப்பாடும் விதிக்கப்பட்டாலே தண்டனைதான். குடும்ப வன்முறைத் தண்டனை நாடுகடத்த தனியாகவே ஒரு காரணம். 2010-ல் பாடில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த விளைவைக் கட்சிக்காரரிடம் சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என்றது. சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் முடிக்கும் வழி, இல்லையென்றால் குடும்ப வன்முறை என்ற பெயரே இல்லாத சிறு குற்றம், இந்த இரண்டுக்காகத்தான் பேரம் பேச வேண்டும்.

மூன்றாவதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். தம்பி மனைவிக்கு யாரும் போன் பண்ணாதீர்கள். நீங்களும் வேண்டாம், ஊரிலிருந்து அம்மா அப்பாவும் வேண்டாம், சம்பந்தி வீட்டில் பஞ்சாயத்தும் வேண்டாம். வழக்கைத் திரும்பப் பெறுவது அவர் கையில் இல்லை, அரசு வக்கீல் கையில் இருக்கிறது. இத்தகைய வழக்கில் நீதிபதி பாதுகாப்பு உத்தரவு போட்டிருக்க வாய்ப்பு அதிகம். தம்பி ஜெயிலிலிருந்து அவரை மிரட்டிப் பேசி அதை மீறினால், அந்த மீறலே நாடுகடத்தலுக்கு இன்னொரு காரணம் ஆகலாம். ஜெயில் போன் பதிவாகும். சாட்சியை மிரட்டியதாக உங்கள் மேலும் வழக்கு வரலாம். அன்று அந்த வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தப் பெண் பயந்து போயிருந்தால் அவரை நிம்மதியாக விடுவதுதான் நியாயம். அவருக்கென்று தனி வக்கீல் இருக்கட்டும், அவர் சொல்ல விரும்புவதை அந்த வக்கீல் மூலம் சொல்லட்டும். தம்பியின் எச்-4 மனுவே அவருடைய எச்-1பியின் மேல்தான் நிற்கிறது என்பதையும் மறக்காதீர்கள்.

தம்பியிடம் வக்கீல் மூலம் ஒன்று சொல்லி அனுப்புங்கள்: ஐஸ் ஆள் ஜெயிலில் வந்து கேட்டாலும் போனில் கேட்டாலும், வக்கீல் இல்லாமல் விசா பற்றிப் பேச வேண்டாம், எதிலும் கையெழுத்து வேண்டாம்.

ரசீது மட்டும்தான், அதுவும் 60 நாளுக்குப் பிந்தியது என்றால், சண்டையை நீட்டாமல் சமரசத்துக்குப் போகச் சொல்வேன். நாடுகடத்தல் உத்தரவோடு போனால் பொதுவாக 10 வருடம் திரும்ப முடியாது. தானாக வெளியேறும் அனுமதி வாங்கிப் போனால் அந்தத் தடை வராது. அதை வழக்கின் தொடக்கத்திலேயே கேட்டால் 120 நாள் வரை அவகாசம் கிடைக்கலாம். கடைசியில் கேட்டால் அதிகபட்சம் 60 நாள், நிபந்தனைகளும் கூடும். அதனால் குடிவரவு வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே இதைக் கேளுங்கள், போகும்போது அந்த ரசீதையும் எடுத்துப் போங்கள்.